ஐந்தாம் நம்பர் கரும்பும் இரண்டு கிணறும்

சர்க்கரையைத் தேடி உப்புக் கரைக்குப் போன ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எழுபதுகளின் கடைசியில், ஆராய்ச்சி மாணவி என்ற பெயரில், பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவுக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் கரும்பு நட்டேன். இறாலும் நண்டும் மடவையும் விளைகிற இடத்தில் கரும்பு. அந்த ஊர்க்காரர்களுக்குக் கரும்பு என்றால் பொங்கலுக்கு முதல் நாள் பொன்னேரியிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிற பொருள். அது மண்ணில் முளைக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. தங்கள் மண்ணில் முளைக்கும் என்பதில்தான் சந்தேகம். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆனால் எனக்கு உதவித்தொகை வந்துகொண்டிருந்ததால் நான் அதைக் கருதுகோள் என்று சொல்லிக்கொண்டேன்.

என்னை அங்கே அனுப்பியவர் என் பேராசிரியர். அவர் நகரத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தார். கரும்பு இனிப்பது மண்ணாலும் இல்லை, தண்ணீராலும் இல்லை, உழுகிறவனாலும் இல்லை, எல்லாம் ஜீன்தான் என்பது அவருடைய கட்சி. "இனிப்பு ரத்தத்திலேயே வரணும்மா. மண்ணுங்கறது சும்மா நிக்கறதுக்கு ஒரு இடம், அவ்வளவுதான்" என்பார். இதைச் சொல்லி முடித்த கையோடு, தன் மகனுக்குக் கணக்கு வராததற்கு அவன் படித்த பள்ளிக்கூடத்தைத் திட்டுவார். இரண்டும் ஒரே வாயில் வருகிறதே என்று நான் கேட்டதில்லை. பேராசிரியரைக் கேள்வி கேட்கும் ஜீன் அந்தக் காலத்து மாணவர்கள் யாருக்கும் இருக்கவில்லை.

உண்மையில் கரும்பின் சர்க்கரை ஒரே ஒரு ஜீன் நாட்டாமை செய்கிற விஷயம் இல்லை. ஒரு கூட்டம் ஜீன்கள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசுகிற விஷயம். தடித்த கரும்பில் சர்க்கரை நிறைய இருக்கும், ஆனால் கொஞ்சம் உப்புப் பட்டாலும் சுருண்டுவிடும். ஆற்றங்கரை நாணல் அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். எந்தக் கஷ்டத்திலும் நிற்கும், ஆனால் கடித்தால் துடைப்பக் குச்சி. இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தால் தாயின் சர்க்கரையும் தகப்பனின் வீம்பும் சேர்ந்த பிள்ளை ஒன்று பிறக்காதா என்பதுதான் ஆசை. நான் செய்து வைத்தேன். கரும்புப் பூவின் பஞ்சுக்குள் தூசி அளவில் இருக்கும் விதையை எடுத்து முளைக்க வைத்து, நூற்றுக்கணக்கில் பிறந்தவற்றில் பெரும்பாலானவை தகப்பனையே கொண்டு துடைப்பமாக நிற்க, ஒன்று மட்டும் தடித்து இனித்தது. அதை வெட்டிக் கரணை போட்டுப் பெருக்கி ஒரு வயலுக்கு ஆகும் அளவு சேர்க்க மூன்று வருஷம் ஆனது. சோதனையில் அதற்கு ஐந்தாம் நம்பர். மற்ற ஐந்து ரகங்களும் பேராசிரியருடையவை. ஐந்தாம் நம்பர் என்னுடையது.

அது உப்பிலும் சர்க்கரையை விடாமல் பிடித்துக்கொண்டால் எனக்கு டாக்டர் பட்டம், அதன் பின்னால் ஒரு வேலை. இல்லாவிட்டால் கல்யாணம். இதை முடிவு செய்தவர் என் நைனா. பொன்னேரி கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தார், ஆகையால் வீட்டிலும் தீர்ப்பு சுருக்கமாகத்தான் வரும். "இந்தப் போகம் பாக்கறேன். இதுவும் ஆவலைன்னா வீட்டுக்கு வந்துடணும். நல்ல எடம் ஒண்ணு காத்துகினு கீது" என்றார். அந்த நல்ல இடத்தார் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு யார் யார், என்ன நிறம், யாருக்கு என்ன நோய் என்று விசாரித்திருந்தார்கள். கரும்பு விஷயத்தில் பேராசிரியரே இரண்டு தலைமுறையோடு விட்டுவிட்டார்.

குப்பத்தில் ஏரிக்கும் மணல் மேட்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. ஊர்ப் பஞ்சாயத்தார் அதைக் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்ற ஊர்ப் பெண்களைத்தான் வைக்க வேண்டும், விளைந்தால் பொங்கலுக்கு ஊருக்குக் கரும்பு தர வேண்டும் என்பது பேச்சு. அந்த நிலத்தின் அருமை அதன் இரண்டு முனைகளில் இருந்த இரண்டு கிணறுகள். மணல் மேட்டுப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறு. ஏரிப் பக்கம் உப்புக் கிணறு. பாத்திரம் கழுவக்கூட யாரும் இறைக்க மாட்டார்கள். சோதனைக்கு இதைவிட வசதி கிடையாது. ஒவ்வொரு ரகத்துக்கும் நான்கு பாத்தி. இரண்டுக்கு நல்ல தண்ணீர், இரண்டுக்கு உப்புத் தண்ணீர். கடைசியில் சாறு பிழிந்து எதில் எவ்வளவு சர்க்கரை என்று பார்ப்பது.

எந்தப் பாத்திக்கு எந்தத் தண்ணீர் என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது, மனசு சாயும். அதனால் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்பது விஞ்ஞானம். ஊரே கூடி நின்று பார்க்க, நான் ஒரு எவர்சில்வர் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். பஞ்சாயத்துத் தலைவர் முன்வரிசையில் கைகட்டி நின்றார். முதல் சீட்டு எடுத்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நாங்க ஏரில பாடு போடற மாதிரி கீதே" என்றார்.

பாடு என்பது அவர்கள் வலை கட்டும் முறை. ஏரியில் மீன் கூடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்தத் தலைக்கட்டு, அதாவது எந்தக் குடும்பம், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்குச் சீட்டுப் போடுவார்கள். அது வரைக்கும் எனக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்ததே பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டு போக இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "அதேதான் தலைவரே, அப்படியே அதேதான்" என்றேன். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். தண்ணீர் ஊற்றும் பெண்களுக்குத் தலைவியாக ஒரு அக்கா இருந்தாள். தலைவரின் தங்கச்சி, இறால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே வெற்றிலை மடிக்கிறவள். அவள் மட்டும் ஒன்று கேட்டாள்.

"உன்னுது எந்த நம்பர் டீச்சரம்மா?"

படித்த பெண் யாரானாலும் அங்கே டீச்சரம்மாதான். ஐந்து என்றேன். ஏரியைப் பார்த்த இரண்டு பாத்திகளில் ஐந்துக்கு உப்பு விழுந்திருந்ததைப் பார்த்து அவள் உச்சுக்கொட்டினாள்.

மாசியில் நட்டோம். நான் நகரத்திலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை வருவேன். ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ், பிறகு படகோ நடையோ, அன்றைக்குக் கிடைப்பது. நான் வந்து சேர்வதற்குள் பெண்கள் விடியற்காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டு மீன் விற்கப் போயிருப்பார்கள். நான் உயரம் அளப்பேன், தோகை எண்ணுவேன், மண் எடுத்துப் பையில் கட்டுவேன். கரும்பு வளர்ந்தது. உப்புப் பாத்தியும் வளர்ந்தது, நல்ல தண்ணீர்ப் பாத்தியும் வளர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்த மாதிரி ஒரே உயரம். ஐந்தாம் நம்பர் மட்டும் இல்லை, ஆறு ரகமும் அப்படியே. ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சோதித்தால் உப்புப் பாத்தி மண்ணிலும் நல்ல பாத்தி மண்ணிலும் உப்பு ஒரே அளவு.

பேராசிரியர் அந்தத் தாளை ஒரு விரலால் தள்ளினார். "ஆய்வுக்கூடத்துல பாட்டிலைச் சரியாக் கழுவியிருக்க மாட்டாங்க. நீ செடியைப் பாரும்மா. செடி பொய் சொல்லாது. நான்தான் சொன்னேனே, தண்ணி ஒரு விஷயமே இல்லை."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அது எந்தச் சீட்டையும் மதிக்காமல் எல்லாப் பாத்திக்கும் நல்ல தண்ணீரே ஊற்றியது. அதைப் பற்றிக் கேட்டபோது, மழை எல்லோருக்கும் சமம் என்பதால் கணக்கில் சேராது என்றார் பேராசிரியர். தைக்குள் அவர் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரையே தயார் செய்துவிட்டார். கரும்பின் சர்க்கரை முழுக்க வம்சத்தின் சொத்து, உப்பு அதைத் தொடக்கூட முடியாது என்பது சாரம்.

தை மாதம் வெட்டினோம். ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் கைக்குழாய் ஒன்று என்னிடம் இருந்தது. உப்புப் பாத்தி ஐந்தாம் நம்பரில் ஒரு சொட்டு விட்டேன். நல்ல பாத்தி ஐந்தாம் நம்பரில் ஒரு சொட்டு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண், அதுவும் நல்ல எண். பட்டம் வாங்கி, வேலை வாங்கி, அந்த நல்ல இடத்தாரின் மூன்று தலைமுறையையும் நான் பதிலுக்கு விசாரிக்கிற வரைக்கும் ஒரு நொடியில் கற்பனை போய்விட்டது. பக்கத்தில் அக்கா கரும்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் தாங்காமல் அவளிடம், "அக்கா, உப்புத் தண்ணி குடிச்சே இவ்ளோ இனிப்பு" என்றேன்.

"இனிக்காம? எவனுக்கும் ஒரு கொறை வைக்கல டீச்சரம்மா. நேத்து உப்பு குடிச்சவனுக்கு இன்னிக்கு நல்ல தண்ணி. இன்னிக்கு நல்லது குடிச்சவனுக்கு நாளிக்கு உப்பு. ஒரு நாள் பிசகல, கேட்டுக்கோ."

எனக்குப் புரியவில்லை. அதாவது, புரிந்தது, புரிய வேண்டாம் என்று இருந்தது.

"யார்க்கா மாத்தி ஊத்தச் சொன்னாங்க?"

"நீதான சொன்ன. பாடு மாதிரியே அதேதான்னு."

அப்போதுதான் பாடு முறையின் மறுபாதியைத் தெரிந்துகொண்டேன். ஏரியில் சீட்டு என்பது முதல் நாளைக்கு மட்டும்தான். யார் எங்கே ஆரம்பிப்பது என்பதை அது சொல்லும், அதோடு அதன் வேலை முடிந்தது. மறுநாள் முறை நகரும். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் நாளை அடுத்த இடத்துக்குப் போக வேண்டும், அவர் இடத்துக்கு அடுத்தவர் வருவார். ஒரே ஆள் நல்ல இடத்திலேயே வருஷம் முழுக்க உட்கார்ந்திருப்பதும், இன்னொருத்தர் சேற்றிலேயே கிடப்பதும் அவர்கள் நினைத்துப் பார்க்காத ஒன்று. சீட்டில் உப்பு விழுந்தது என்பதற்காக ஒரு பாத்தி பதினோரு மாதமும் உப்பே குடிக்க வேண்டும் என்று நான் சொன்னதாக அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. படித்த பொண்ணு, இதைக்கூடவா தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவர்களாகவே முறைவைத்து ஊற்றியிருந்தார்கள். எனக்காக ஓரவஞ்சனை கூடச் செய்யவில்லை. ஐந்தாம் நம்பருக்கு ஒரு குடம் கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை.

நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். நாலு வருஷம் போன அழுகை. கோபம் வேறு, யார் மேல் என்று தெரியாத கோபம். அக்கா எனக்கு ஒரு துண்டு கரும்பு உடைத்துக் கொடுத்து, "சக்கரை கம்மியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தண்ணி ஊத்தறவங்க சொல்றது ஆதாரம் இல்லைம்மா. மீட்டர் சொல்றதுதான் ஆதாரம். யார்கிட்டயும் இதைக் கதையா சொல்லிட்டிருக்காதே." அடுத்த வாரம் கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டி, வம்சத்தின் பெருமையை அரை மணி நேரம் பேசினார். கடைசி வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். "உப்புத் தண்ணி ஊத்தின பாத்தியில மண்ணுல உப்பே ஏறலையே, அது எப்படி?" என்று கேட்டார். பேராசிரியர் என் பக்கம் கையைக் காட்டி, "வயல்ல இருந்தது இவங்கதான். சொல்லும்மா" என்றார். கழுவாத பாட்டிலைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் பாடு முறையைச் சொன்னேன். சீட்டு, முறை, நேத்து உப்பு, இன்னிக்கு நல்ல தண்ணி, எல்லாம். அரங்கம் சிரித்த சிரிப்பில் படம் காட்டுகிற மெஷினின் சத்தம் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பேராசிரியர், "அப்ப நீயே போய் ஊத்து" என்றார். அது தண்டனை. நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

நைனாவிடம் இன்னொரு போகம் கேட்டது அதைவிடக் கஷ்டம். கோர்ட்டில் வாய்தா கேட்டு வருகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர். "தண்ணி ஊத்தத் தெரியாத ஊர்ல போயி இன்னா ஆராய்ச்சி?" என்றார். தண்ணீர் ஊற்ற அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் பிரச்சினை என்றேன். கடைசியில் அம்மா நடுவில் புகுந்து ஒரு வருஷம் வாங்கிக் கொடுத்தாள். நல்ல இடத்தாருக்கு, பெண்ணுக்கு ஒரு பரீட்சை பாக்கி என்று சொல்லி அனுப்பினார்கள். இதுதான் கடைசி, இதிலும் ஐந்தாம் நம்பர் தேறாவிட்டால் மறுபேச்சு இல்லை என்று நைனா என்னையே சொல்ல வைத்து வாக்கு வாங்கிக்கொண்டார். கைநாட்டு வாங்காததுதான் குறை.

இரண்டாவது வருஷம் அக்கா வீட்டிலேயே ஒரு ஓரத்தில் தங்கினேன். நல்ல தண்ணீர்ப் பாத்திகளுக்குப் பெண்கள் ஊற்றினார்கள். உப்புப் பாத்திகளுக்கு ஊற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "தெரியாம கெடந்தா வேற. தெரிஞ்சே ஒருத்தனுக்கு உப்பையே ஊத்திகினு இருக்கறது பாவம்" என்றாள் அக்கா. அதனால் நானே குடம் தூக்கினேன். அந்த ஊர் முழுக்க அந்த வருஷம் என்னை மருமகளுக்குச் சோறு போடாத மாமியாரைப் பார்ப்பது போலப் பார்த்தது. எனக்கு உப்பு டீச்சர் என்று பெயர் வந்தது. நான் குடத்தோடு போனால் குழந்தைகள் வரப்பில் நின்று, "அய்ய, இன்னிக்கும் உப்பேவா?" என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்லப் புள்ளியியலில் இடமில்லை.

இந்தத் தடவை உப்பு நிஜமாகவே வேலை செய்தது. சித்திரை வெயிலில் உப்புப் பாத்திகளின் மண் மேல் வெள்ளை பூத்தது. பேராசிரியரின் ஐந்து ரகங்களும் தோகை நுனி கருகி, முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டன. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். என் ஐந்தாம் நம்பர் இடுப்பு உயரம் வரை வந்தது. நாணல் தகப்பனின் வீம்பு. ஆனால் ஆனி மாதம் மேற்கிலிருந்து கச்சான் காற்று நெருப்பாக அடிக்க ஆரம்பித்ததும் அதுவும் மஞ்சள் பாய்ந்தது. நான் தினமும் அதன் எதிரே நின்று பார்ப்பேன். பிறகு போய் உப்புக் கிணற்றில் குடத்தை முக்குவேன். என் கையாலேயே அதற்கு அதை ஊற்ற வேண்டியிருந்தது. இது வெறும் புல், இதற்குப் போய் என்ன அழுகை என்று என்னையே திட்டிக்கொண்டு ஊற்றினேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. அக்கா சொல்லி அனுப்பி நைனா வந்தார். வீட்டுக்குக் கிளம்பு என்றார். தண்ணீரை யார் ஊற்றுவது, பெண்கள் ஊற்ற மாட்டார்கள், ஒரு நாள் விட்டாலும் போகமே போச்சு என்று நான் பாயைப் பிடித்துக்கொண்டேன். நைனா வெளியே போய் இரண்டு கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "நான் லீவு போடறேன். எந்தப் பாத்திக்கு எவ்ளோ, எந்தக் கெணறு, காட்டு. நான் ஊத்தறேன். நீ போயி அம்மாகிட்ட படு" என்றார்.

எனக்கு அவரிடம் நம்பிக்கை இருந்தது. முப்பது வருஷம் கோர்ட்டில் இருந்த மனுஷர். சட்டப்படி என்பது தவிர வேறு வார்த்தை தெரியாதவர். போதாததற்கு, ஐந்தாம் நம்பர் காய்ந்து போவதில் லாபம் அவருக்குத்தான். இதைவிட நேர்மையான ஆள் சோதனைக்குக் கிடைக்க மாட்டார் என்று காய்ச்சலிலும் கணக்குப் போட்டேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிலம் வரை போய், உப்புப் பாத்திகளை விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஐந்தாம் நம்பரைக் காட்டும்போது குரல் உடைந்துவிட்டது. நைனா தலையை ஆட்டிக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாள் பொன்னேரியில் படுத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டைச் சும்மாடாக வைத்து, நிலத்தில் நின்றுகொண்டிருந்தார். கறுத்து, இளைத்துப் போயிருந்தார். "ஒரு வேளை விடலம்மா" என்றார். பேராசிரியரின் ரகங்கள் செத்துக்கொண்டிருந்தன, மண் மேல் வெள்ளை பூத்து. திருப்தியாக இருந்தது. ஐந்தாம் நம்பருக்கு வந்தேன். பச்சையாக நின்றது. புதுக் குருத்து விட்டிருந்தது. ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கீழே பார்த்தேன். அந்த இரண்டு பாத்திகளில் மட்டும் மண் மேல் வெள்ளை இல்லை. கறுப்பாக, நல்ல ஈரமாக இருந்தது.

"நைனா, இதுக்கு எந்தக் கெணத்துத் தண்ணி ஊத்துனீங்க?"

பொய்ச் சாட்சிகளை முப்பது வருஷம் பார்த்தவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மத்ததுக்கெல்லாம் நீ சொன்ன மாதிரிதான். உப்புதான். சத்தியமா."

"இதுக்கு?"

"சீக்காளியாட்டம் இருந்துச்சும்மா."

அக்கா அங்கேதான் நின்றாள். வெற்றிலையை மென்றாள். நான் அவளைப் பார்த்ததும், "அவரு முறையும் வைக்கல, ஒண்ணும் வைக்கல. அதுக்கு மட்டும் நல்லது. நாங்க அப்பவே சொன்னோம், அது நாயம் இல்லைன்னு" என்றாள். ஊர் முழுக்க என் நைனாவின் ஓரவஞ்சனையைப் பார்த்து நியாயம் பேசியிருக்கிறது, எனக்குத்தான் சொல்லி அனுப்பவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நைனாவிடம் நான் பேசிய பேச்சு இன்று நினைத்தாலும் சூடாகத்தான் இருக்கிறது. போன வருஷம் ஊர் கெடுத்தது, இந்த வருஷம் நீங்கள் கெடுத்தீர்கள், கல்யாணத்துக்காகத்தானே என்று கேட்டேன். அவர் திட்டம் போட்டுக் கெடுக்க நினைத்திருந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நான் சொன்னபடி உப்பை ஊற்றியிருக்கலாம். அது எனக்கு உறைக்க சாயங்காலம் ஆனது. உறைத்தபோது அவர் உப்புக் கிணற்றங்கரையில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தப்பு எம்பேர்ல" என்றார். "கோர்ட்டுல கட்சிக்காரன் ஒருத்தன் தப்புக்கு இன்னொருத்தர நஷ்டப்பட வெக்கக் கூடாது. ஒனக்கு வாய்தா குடுத்துட்டேன். அந்த எடத்துக்கு நான் சொல்லிக்கறேன்."

"எவ்ளோ நாளு வாய்தா?"

"அதெல்லாம் தேதி போடல."

ஆய்வேட்டில் ஐந்தாம் நம்பருக்குப் பக்கத்தில், வெளித் தலையீட்டால் நீக்கப்பட்டது என்று ஒரே வரி எழுதினேன். வெளித் தலையீடு இன்னது என்று யாரும் கேட்கவில்லை. மாடு மேய்ந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பட்டம் கொடுத்தது பேராசிரியரின் ஐந்து ரகங்கள்தான், உப்பில் ஒன்றுகூட இனிக்கவில்லை என்பதற்காக. அந்த முடிவைப் படித்துவிட்டு அவர், மண்ணும் தண்ணீரும் எவ்வளவு முக்கியம் என்று தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருவதாகச் சொன்னார். அதையே அடுத்த கருத்தரங்கில் அரை மணி நேரம் பேசினார். ஐந்தாம் நம்பர் உப்பில் இனித்திருக்குமா, இல்லையா என்பது எனக்கு இன்று வரை தெரியாது. நான் பெற்று வளர்த்த ஒரே ஒரு கேள்வி அது. பதில் இல்லாமலே போனது. அதற்காக வருத்தப்பட்டிருக்கிறேன், இப்போதும் படுகிறேன்.

இதெல்லாம் பிறகு. அந்தத் தையில் கடைசி வெட்டு நடந்தபோது நைனாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கணக்கில் சேராத கரும்பு என்பதால் ஐந்தாம் நம்பர் முழுவதையும் ஊருக்கே கொடுத்துவிட்டேன். அக்கா தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்தாள். தண்ணீர் ஊற்றியவர் என்ற முறையில் நைனாவுக்கும் ஒரு பங்கு விழுந்தது. "நாயமில்லாம ஊத்துனாலும் ஊத்துனவருதான" என்றாள்.

நைனா வரப்பில் உட்கார்ந்து, கடைவாய்ப் பல்லால் ஒரு கணுவை உடைத்து மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். சாறு மோவாயில் வழிந்தது.

"இன்னா நைனா, எப்டி கீது?"

"எம்பொண்ணு போட்ட கரும்பு" என்றார். "இனிக்காம எங்க போவும்?"

சுமந்த குடங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் இன்னொரு கணு உடைத்து அவர் கையில் கொடுத்தேன்.